ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து இறக்க மலிவு ட்ரிக்கரே போதும்

ட்ரிக்கர் என்பது கம்பியில்லாமல் ரேடியோ சிக்னலால் ஃப்ளாஷை அடிக்க வைக்கும் கருவி. யோங்நுவோ ஆர்எஃப்-603 போன்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் ட்ரிக்கர் ஜோடியில் ஒன்று கேமராவின் ஹாட் ஷூவில் (மேலே ஃப்ளாஷ் பொருத்தும் இடம்), இன்னொன்று ஃப்ளாஷுக்கு அடியில். இரண்டிலும் சேனல் ஒன்றாக இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் பக்கத்து ஆள் கிளிக் செய்யும்போது உங்கள் ஃப்ளாஷ் அடித்தால் சேனலை மாற்றிவிடுங்கள்.

இது 'அடி' என்று மட்டும்தான் சொல்லும், டிடிஎல் (கேமராவே ஒளியை அளந்து ஃப்ளாஷ் பவரை முடிவு செய்வது) கிடையாது. அதனால் ஃப்ளாஷை மேனுவலில் வைத்து, ஐஎஸ்ஓ 200, எஃப்/5.6, பவர் 1/16 என்று தொடங்குங்கள். முகம் வெளுத்தால் 1/32.

ஷட்டர்தான் பலரையும் கவிழ்ப்பது. கேமராவின் சிங்க் வேகம் (ஃப்ளாஷோடு பயன்படுத்தக்கூடிய மிக வேகமான ஷட்டர்) 1/200 நொடி என்றாலும் 1/160-இல் வையுங்கள். ரேடியோ சிக்னல் போய்ச்சேர மிகச் சிறிய தாமதம் உண்டு. அதற்குள் ஷட்டரை மூடும் இரண்டாம் திரை நகரத் தொடங்கிவிடும். படத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் காரணம் இதுதான். ட்ரிக்கரைத் திட்டாமல் ஷட்டரை ஒரு படி இறக்குங்கள்.

அடிக்கவே இல்லையா? சைலண்ட் ஷட்டரை அணையுங்கள்; பெரும்பாலான கேமராக்களில் அது ஃப்ளாஷை அடிக்க விடாது. முதல் சில படங்களுக்கு அடித்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்தபின் நின்றால், ஃப்ளாஷ் தூங்கியிருக்கும். மெனுவில் ஆட்டோ பவர் ஆஃபை நிறுத்துங்கள். ஷூவில் முழுதாகத் தள்ளாத ட்ரிக்கரும் இப்படித்தான் விட்டுவிட்டு அடிக்கும்.