திறந்ததா, மூடியதா: ஹெட்ஃபோன்களை ஒப்பிடும் முறை

ஒப்பிட நல்ல ஜோடி சென்ஹைசர் ஹெச்டி 800 எஸ், ஹெச்டி 820. இரண்டிலும் ஒலியை எழுப்பும் ட்ரைவர் 56 மி.மீ., மின்தடை 300 ஓம்; முதலாவது பின்பக்கம் திறந்தது, இரண்டாவதில் கண்ணாடி மூடி.

முதலில் ஒலி அளவைச் சமமாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். சற்றே சத்தமாக ஒலிப்பதுதான் சிறந்தது என்று காது நம்பிவிடும். பிங்க் நாய்ஸ் எனும் சீரான இரைச்சல் ஒலியை ஓடவிட்டு, டெசிபல் காட்டும் ஆப் உள்ள மொபைலின் மைக்கை இரண்டின் பேடுகளிலும் ஒரே இடத்தில் வைத்து அளவிடுங்கள். அப்புறம் ஒரு குரலைக் கேட்டுச் சரிபாருங்கள்.

அடுத்து, பழகிய கச்சேரிப் பதிவு ஒன்று. மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) எவ்வளவு ஆழமாக இறங்குகிறது, தம்பூரா பாடகரிடமிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று கவனியுங்கள். எனக்கு அந்த விலகல்தான் உயிர். திறந்ததில் அது தாராளமாகக் கிடைக்கிறது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டும் கேளுங்கள். அதன் காம்பு விடும் சிறு இடுக்கு வழியே மூடிய ஹெட்ஃபோனின் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, குறைந்துவிடும்.

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் மே மாதம் மின்விசிறியை நிறுத்த முடியாது. திறந்த ஹெட்ஃபோனில் அந்த இரைச்சல் தம்பூராவை விழுங்கிவிடும். ஆகவே விசிறி ஓடும்போது ஒருமுறை, நின்றபின் ஒருமுறை கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.