மூன்று தலைமுறையாக ஊட்டிக்கு: ரயிலில் போய்த் திரும்பும் முறை

கோடை விடுமுறையில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், கூடவே ஓர் அத்தை என எட்டுப் பேர் சென்னையிலிருந்து ஊட்டிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். எந்தெந்த இடங்களைப் பார்ப்பது என்று முதலில் பட்டியல் போடுவதுதான் வழக்கம். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன். பாட்டிக்குக் காலைக் காப்பி எத்தனை மணிக்கு வேண்டும், தாத்தா இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார், கடைக்குட்டி மதியம் எப்போது கண்ணயரும், அத்தைக்கு எந்த வாகனத்தில் ஏறினால் குமட்டும் என்பவற்றை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீட்டில் தினமும் தானாக நடந்துகொண்டிருக்கும் இந்தக் காரியங்கள் வெளியூரிலும் தடையில்லாமல் நடக்க வழி செய்துவிட்டால், மலையும் ஏரியும் தாமாகவே இனிக்கும். காப்பி கிடைக்காத பாட்டியிடம் தேயிலைத் தோட்டத்தின் அழகை எடுத்துச் சொல்லிப் பயனில்லை.

அடுத்தது பயணச்சீட்டு. 2024 நவம்பர் முதல், புறப்படும் நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் ரயில் முன்பதிவு தொடங்குகிறது. அதற்கு முன் இருந்த 120 நாள் கணக்கை இன்னும் நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் சித்திரை பிறப்பதற்கு வெகு முன்பே அவசரப்படுத்துவார்கள், அவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். ஒரு சீட்டில் ஆறு பேருக்கு மேல் பதிவு செய்ய முடியாது என்பதால் எட்டுப் பேர் குடும்பம் எப்படியும் இரண்டாகப் பிரியத்தான் வேண்டும். அந்தப் பிரிவை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு; ஆனால் ஒரு சீட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது செல்லும். ஆகவே தாத்தாவையும் பாட்டியையும் ஒரு சீட்டிலும், மற்ற ஆறு பேரை இன்னொரு சீட்டிலும் பதியுங்கள். இருவர் வேறு பெட்டியில் விழுந்துவிட வாய்ப்புண்டு என்பது உண்மை. அப்படி நேர்ந்தால் யாரேனும் ஒரு பெரியவர் அந்தப் பெட்டியில் இருப்பவருடன் இடம் மாற்றிக்கொண்டு துணைக்குப் படுக்கலாம். தாத்தாவை நடுப்படுக்கையில் ஏற்றி இறக்குவதைவிட இது எளிது.

தூங்கும் வசதிப் பெட்டியில் ஓர் அறைக்கு எட்டுப் படுக்கைகள். 1, 4 ஆகியவை கீழே, 2, 5 நடுவே, 3, 6 மேலே, 7 பக்கவாட்டுக் கீழ், 8 பக்கவாட்டு மேல். அதற்குப் பிறகு எட்டெட்டாக இதே வரிசை திரும்பி வரும். இதைத் தெரிந்துகொண்டால், சீட்டு கைக்கு வந்த அன்றே யார் எங்கே என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடலாம். பிள்ளைகள் மூவருக்கும் மேல்படுக்கைதான் வேண்டும், அதற்கான சண்டை நிச்சயம் நடக்கும். அது நடைமேடையில் நடப்பதைவிடக் கூடத்தில் நடந்து ஓய்வது நல்லது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவருக்குப் படுக்கை வேண்டாமென்றால் அரைக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். இரவுப் பயணத்தில் இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏழு வயதுப் பிள்ளையோடு ஒரே படுக்கையைப் பகிர்ந்துகொண்ட தாய் மறுநாள் முழுவதும் கண் எரிச்சலோடுதான் மலையைப் பார்ப்பாள்.

சென்னை சென்ட்ரலிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணியளவில் புறப்படுகிறது. எனவே இரவுச் சாப்பாடு வீட்டிலா ரயிலிலா என்ற கேள்வி எழும். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டால் பாத்திரம் சுமக்க வேண்டியதில்லை என்பார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. பயணம் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் பிள்ளைகள் நினைவில் நிற்பது, பெரம்பூர் தாண்டியதும் பிரிக்கப்படும் பொட்டலத்தின் மணம்தான். ஆனால் பத்து மணிக்குமேல் நடுப்படுக்கையைத் தூக்கி மாட்டிக்கொள்ள அதற்குரியவருக்கு உரிமை உண்டு, காலை ஆறு மணிவரை அது செல்லும். அதன் பிறகு கீழே நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட இடமிராது. வண்டி நகர்ந்ததும் சாப்பாட்டை எடுத்துவிட வேண்டும்.

என்ன எடுத்துச் செல்வது என்பதில் நம் வீடுகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த ஞானம் இருக்கிறது, அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. நன்றாக ஆறிய இட்லியின் இரு புறமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி, வாட்டிய வாழையிலையில் அடுக்கினால் மறுநாள் காலைவரை மெத்தென்றிருக்கும். சூடாக அடைத்தால் ஆவி வேர்த்து நீராகி, இட்லி பிசுபிசுத்துப் போகும். புளியோதரைக்கும் இதே விதிதான். தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்த பிறகே டப்பாவில் போட வேண்டும். தயிர்சாதத்தைத் தயிரால் பிசையாமல், குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டித் தயிர் மட்டும் கலந்தால், பிரிக்கும் நேரத்துக்குப் பதமாக உறைந்து புளிக்காமல் இருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், கோடை இரவை அது தாங்காது. கை துடைக்க ஈரத்துணி, கீழே விரிக்கப் பழைய செய்தித்தாள், எச்சில் இலை போட ஒரு பை ஆகியவற்றைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துவிடுங்கள். தேடி எடுக்கும் வேலை வேண்டாம்.

பைகளைப் பொறுத்தவரை, அவரவர் துணி அவரவர் பையில், பொதுவான பொருள் ஒரே பொதுப்பையில் என்று பிரித்தால் போதும். பொதுப்பையில் மருந்துகள், மருத்துவச் சீட்டின் நகல், டார்ச், அடையாள அட்டைகள், பாட்டிக்கான வெந்நீர் பிளாஸ்க். மே மாதத்திலும் ஊட்டியில் இரவுக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் மப்ளரும் வேண்டும். சென்னையின் கத்திரி வெயிலில் வியர்த்தபடி பெட்டி அடுக்கும்போது யாருக்கும் இதை நம்ப மனம் வராது. நம்புங்கள், ஆனால் அவற்றைப் பெட்டியின் அடியில் புதைக்காமல் மேலாக வையுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு, தண்ணீர் பாட்டில் உட்பட, நீலகிரி மாவட்டத்தில் தடை இருக்கிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் சென்றால் குடிநீர் வழங்கும் இயந்திரங்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

வீட்டைப் பூட்டும் சடங்குக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். எரிவாயு மூடியாயிற்றா, கொல்லைக் கதவு தாழிட்டாயிற்றா என்ற கேள்வி, வண்டி தெருமுனையைத் தாண்டியதும் அம்மாவுக்குத் தவறாமல் எழும். கிளம்பும்போது பிள்ளைகளில் ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து உரக்கச் சொல்லச் செய்யுங்கள். காதால் கேட்டது மனத்தில் பதிந்துவிடும், அம்மாவும் நிம்மதியாக உட்காருவார். தாத்தா ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருக்க வேண்டும் என்பார். அவரோடு வாதாட வேண்டாம். சென்னைச் சாலைகளின் இன்றைய நிலையில் அவர் கணக்குதான் சரி.

காலை ஆறேகால் மணியளவில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். மலை ரயில் புறப்படுவது 7.10க்கு. இந்த இடைவெளியில் எல்லாரும் பல் துலக்கி, காப்பி குடித்து, முக்கியமாகக் கழிவறைக்குப் போய்வந்துவிட வேண்டும். மலை ரயில் பெட்டிகளில் கழிவறை இல்லை, பயணமோ ஏறத்தாழ ஐந்து மணி நேரம். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போதும், குன்னூரில் என்ஜின் மாற்றும்போதும் பெரியவர்கள் இறங்கிக்கொள்ளலாம். ஹில்குரோவில் குரங்குகள் உண்டு. பிள்ளைகள் கையில் தின்பண்டத்தோடு இறங்கக் கூடாது.

46 கிலோமீட்டருக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கான பதிலைத் தாத்தாவிடம் முன்னதாகக் கொடுத்துவைத்தால், அந்தக் காலை வேளையின் நாயகர் அவர்தான். மேட்டுப்பாளையத்தின் உயரம் சுமார் 330 மீட்டர், ஊட்டியின் உயரம் 2,200 மீட்டருக்கு மேல். கல்லாறு முதல் குன்னூர்வரை சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் அளவுக்குச் செங்குத்து. பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற்றம். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டைகளைப் பதித்து, என்ஜினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறும்படி அமைத்திருக்கிறார்கள். என்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. குன்னூர்வரை 1899இலும் ஊட்டிவரை 1908இலும் வண்டி ஓடத் தொடங்கியது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும், எச்சிலை விழுங்கினால் திறக்கும். சென்னையில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் பலூன்போல் உப்பியிருக்கும். வெளியே காற்றழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கையில் வைத்தே புரிந்துகொள்வான்.

மலை ரயிலுக்கு இடம் கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை பேருந்தில் போய், குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே ஓடும் ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அழகான நிலையங்கள் அந்தப் பகுதியிலும் உண்டு. சொந்தக் காரில் போகிறவர்கள் 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸை முன்னதாகவே பெற வேண்டும். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. கொண்டையூசி வளைவுகளில் குமட்டுகிறவர்களை முன்னிருக்கையில் அமர்த்தி, தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும்.

தங்கும் இடத்தை முன்பதிவு செய்யும்போது படத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காமல், தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். அறைக்குப் போக எத்தனை படிகள், கழிவறை எந்த வகை, வெந்நீர் எந்த நேரம் வரும். ஊட்டியில் கட்டடங்கள் சரிவில் நிற்பதால் ‘தரைத்தளம்’ என்று சொல்லப்படும் அறைக்கு இருபது படி இறங்க வேண்டியிருக்கலாம். சமையலறையோடு கூடிய வீடு எடுத்தால் குக்கர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும்.

இனி இடங்களுக்கு வரலாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இடையில் சாப்பாடும் உறக்கமும். இதற்குமேல் வைத்தால் மூன்றாம் நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காது. மூன்று நாள் தங்கினால் ஒவ்வொரு நாளையும் ஒருவர் பொறுப்பில் விடுங்கள்: ஒரு நாள் பிள்ளைகளுடையது, ஒரு நாள் தாத்தா பாட்டியுடையது, ஒரு நாள் அம்மாவுடையது. அன்றைக்கு எங்கே போவது, எங்கே சாப்பிடுவது என்பதில் அவர் சொல்வதே முடிவு. ‘எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்’ என்று அம்மா ஒதுங்குவார். அதை ஏற்காதீர்கள், அவரே தேர்ந்தெடுக்கும்வரை காத்திருங்கள். 1848இல் தொடங்கப்பட்ட அரசுத் தாவரவியல் பூங்கா சரிவில் விரிந்திருப்பதால், பெரியவர்கள் கீழே புல்வெளியருகில் அமர, மற்றவர்கள் மேலே ஏறிவிட்டு வரலாம். மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் அங்கே பெருங்கூட்டம் இருக்கும், குழந்தையோடு போவதானால் திறந்தவுடன் போய்விடுங்கள். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்துக்கும் காலையே ஏற்றது, நேரம் ஏற ஏற மேகம் மூடிவிடும்.

திரும்பும் நாளில் மலை ரயில் ஊட்டியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி, மாலை ஐந்தரை மணிவாக்கில் மேட்டுப்பாளையம் சேரும். சென்னை வண்டி ஒன்பது மணிக்குமேல்தான். இந்த மூன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் களைத்து அழத் தொடங்குவார்கள். அதற்காகவே ஒரு புதிய விளையாட்டுப் பொருளைப் பையில் ஒளித்துவையுங்கள், ஏழு மணிக்கே சாப்பாட்டையும் முடித்துவிடுங்கள். சென்னையில் விடியற்காலை இறங்கிய அன்றே அலுவலகம் போகும்படி விடுப்பு எடுக்காதீர்கள், ஒரு நாள் கூடுதலாக எடுங்கள். கிளம்பும் முன் பாலையும் செய்தித்தாளையும் நிறுத்தச் சொல்லும்போதே, திரும்பும் நாள் காலையிலிருந்து மறுபடி போடவும் சொல்லிவிடுங்கள். வறுத்த ரவையும் காப்பிப் பொடியும் வீட்டில் இருந்தால், பெட்டிகளைத் திறக்கும் முன்பே எட்டுப் பேருக்கும் உப்புமாவும் காப்பியும் தயாராகிவிடும்.