ஸ்கேல் மட்டும் வைத்து ஒரு வளைவு

கிராப் தாள், ஸ்கேல், நன்றாகச் சீவிய பென்சில். காம்பஸ் பெட்டியிலேயே இருக்கட்டும், அதற்குக் கடைசியில் ஒரு வேலை உண்டு.

1. தாளில் 10 செ.மீ. நீளத்துக்குக் குத்தாக ஒரு கோடு, அதன் அடியிலிருந்து வலப்பக்கம் படுக்கையாக அதே நீளத்தில் இன்னொன்று. சேரும் மூலைதான் 0. அங்கிருந்து செ.மீ.க்கு ஒன்றாக 10 வரை எண் போடுங்கள்.

2. படுக்கைக் கோட்டின் 1ஐக் குத்துக் கோட்டின் 9உடன் சேருங்கள். அப்புறம் 2ஐ 8உடன், 3ஐ 7உடன்... கூட்டினால் எப்போதும் 10 வரவேண்டும். சில பிள்ளைகள் 1ஐ 1உடன், 2ஐ 2உடன் சேர்த்துவிட்டு, "சார், வெறும் சாய்கோடுதான் வருது" என்பார்கள். அழிக்கச் சொல்லாதீர்கள். அவை ஏன் இணையாகவே போகின்றன என்று கேளுங்கள்.

ஒன்பது கோடுகள் முடிந்ததும் மூலைப்பக்கம் வளைவு தெரியும். அதை யாரும் வரையவில்லை! ஒவ்வொரு கோடும் அதை ஓர் இடத்தில் தொட்டுவிட்டுப் போகிறது. 'தொடுகோடு' என்ற சொல்லை இங்கே அறிமுகப்படுத்தினால் மனதில் நிற்கும்.

3. "இது கால்வட்டம்தானே?" என்று கேட்காத வகுப்பு இல்லை. சரி, சோதிப்போம். 5ஐ 5உடன் சேர்த்த கோடு வளைவைத் தொடுவது அதன் நடுப்புள்ளியில், அதாவது (2.5, 2.5). இப்போது காம்பஸை (10, 10)இல் ஊன்றி 10 செ.மீ. ஆரத்தில் வில் போடுங்கள். இரண்டு முனைகளிலும் வளைவோடு ஒட்டி வரும் வில், நடுவில் சுமார் (2.9, 2.9) வழியாக விலகிப் போகும். ஆக, வட்டம் இல்லை. இது பரவளையம் (parabola), அதாவது வீசியெறிந்த பந்து போகும் பாதையின் வடிவம். சாய்ந்து கிடப்பதால் அடையாளம் தெரியவில்லை, தாளை 45° திருப்பிப் பாருங்கள்.

கணித மேதை ஜார்ஜ் பூலின் மனைவி மேரி எவரெஸ்ட் பூல் (1832–1916), அட்டையில் துளையிட்டு நூல் கோத்து இதே வளைவுகளைக் குழந்தைகளுக்குக் காட்டினார். எவரெஸ்ட் சிகரத்தின் பெயருக்குக் காரணமான ஜார்ஜ் எவரெஸ்டின் உடன்பிறந்தவர் மகள் அவர்.

4. அடுத்து வட்டம். பாகைமானியால் 10°க்கு ஒன்றாக 36 புள்ளிகள் வைத்து, 1ஐ 2உடன், 2ஐ 4உடன், 3ஐ 6உடன் என இருமடங்கோடு சேருங்கள். 36ஐத் தாண்டினால் 36ஐக் கழியுங்கள் (19க்கு 38, அதாவது 2). இதய வடிவம் வரும். மும்மடங்கோடு சேர்த்தால் இரண்டு கூர்முனை உள்ள வளைவு. அதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்: காலை வெயில் சாய்வாக விழும் எவர்சில்வர் டம்ளருக்குள், பாலின் மேல் மின்னும் ஒளிக்கோடு அதுதான்.