லாஸ் வேகஸில் பழைய ஊரைத் தேடிப் பார்ப்பது எப்படி

காசினோ நடத்தும் நிறுவனத்தின் ஒவ்வொரு பங்குதாரரும் உரிமம் வாங்க வேண்டும் என்பது லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் பழைய விதி. 1967-லும் 1969-லும் சட்டத்தைத் திருத்தியதும் பங்குதாரர்கள் ஏராளமாக உள்ள பங்குச் சந்தை நிறுவனங்கள் உள்ளே வந்தன. அதற்கு முந்தைய ஊரைத்தான் இங்கே பழைய ஊர் என்கிறோம். பெரிய காசினோக்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையில் சாண்ட்ஸ், ஸ்டார்டஸ்ட், ரிவியேரா போன்ற பழைய காசினோக்கள் எல்லாம் இடிபட்டுவிட்டன. மிச்சம் இருப்பது ஃப்ரீமாண்ட் தெருவில்.

ஸ்ட்ரிப்பிலிருந்து 24 மணி நேரமும் ஓடும் டியூஸ் பேருந்தில் ஏறுங்கள். மெயின் தெரு முனையில், 1906-ல் திறந்த கோல்டன் கேட் ஓட்டலிலிருந்து ஃப்ரீமாண்ட் தெருவில் கிழக்கே நடங்கள். தெருவின் மேல் 1995-ல் போட்ட விளக்குக் கூரை நான்காம் தெருவில் முடியும். பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். தேடி வந்தது அதற்கு அப்பால்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு தெரு தாண்டினால் 1941-ன் எல் கோர்டெஸ் காசினோ.

அங்கே காசு போட்டு ஆடும் ஸ்லாட் இயந்திரங்கள் இன்னும் சில உண்டு. ஜெயித்தால் தொகை அச்சிட்ட சீட்டு வராது, தட்டில் காசு கொட்டும். இயந்திரத்தில் காசு தீர்ந்து கொட்டுவது பாதியில் நின்றுவிட்டால் எழுந்து போகாதீர்கள். மீதியை ஊழியர் வந்து கையில் தருவார்.

பிளாக்ஜாக் சீட்டாட்டம் ஆடும் முன் மேசைத் துணியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பழைய கணக்கு 3-க்கு 2: பத்து டாலர் கட்டி பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் 15 டாலர். இப்போது ஸ்ட்ரிப்பில் பரவிவிட்ட 6-க்கு 5 மேசையில் 12 டாலர்தான். பிளாக்ஜாக் சுமார் 21 ஆட்டத்துக்கு ஒருமுறை விழும். நூறு ஆட்டத்தில் ஏறக்குறைய 14 டாலர் கூடுதலாகப் போய்விடும். ஒரே சீட்டுக்கட்டு என்ற பலகையைப் பார்த்து, நமக்குச் சாதகம் என்று நம்பி ஏமாறுவதுதான் அதிகம் நடக்கிறது. ஒரு கட்டு மேசையிலும் 6-க்கு 5 இருக்கும். நிறுவனங்கள் ஊரிலிருந்து பறித்தது எது என்று கேட்டால், எங்கள் கணக்கில் முதலில் இந்த மூன்று டாலர். சக்கரம் சுழற்றி ஆடும் ரூலெட்டில், சக்கரத்தில் உள்ள பூஜ்யங்களை எண்ணுங்கள்: இரண்டு என்றால் காசினோவின் பங்கு 5.26 சதவீதம், மூன்று என்றால் 7.69. மூன்று இருந்தால் உட்காரவே வேண்டாம்.

கடைசியாக, பழைய விளக்குப் பெயர்ப்பலகைகளை வைத்திருக்கும் நியான் அருங்காட்சியகம். 1955-ல் திறந்த மூலின் ரூஜின் பெயர்ப்பலகை அங்கே இருக்கிறது. ஸ்ட்ரிப் மேடையில் பாடிய கறுப்பினக் கலைஞர்களுக்கு அதே ஓட்டலில் அறை தராத காலத்தில், எல்லோரையும் ஏற்ற முதல் காசினோ அது. அந்தத் தடை 1960-ல்தான் நீங்கியது. பழைய ஊரை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்தின் மாலை நுழைவுச் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.