‘எல்லாம் சேர்த்து’ என்று ஓனர் சொன்னால் உஷார்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் செம்மண்டலம் பக்கம் வீடு பார்த்துவிட்டு வந்தான். முகமெல்லாம் பூரிப்பு. “ஓனர் தங்கமான மனுஷன்ணா. எல்லாம் சேர்த்து பதினோராயிரம், வேற எதுவும் தர வேணாம்னுட்டாரு.” டோக்கன் அட்வான்ஸும் கொடுத்தாயிற்றாம். அந்த ‘எல்லாம் சேர்த்து’ காதில் விழுந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கடலூரிலும் புதுச்சேரியிலுமாக ஐந்து அபார்ட்மென்ட்டுகளில் வாடகைக்கு இருந்தவன் நான். ஒழுகும் குழாயைப் பாருங்கள், சுவர் விரிசலைப் படம் எடுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். பணம் கொடுத்துக் கற்ற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

மெயின்டனன்ஸை வாடகையோடு சேர்த்து ஓனரிடம் கொடுப்பது

2017இல் திருப்பாதிரிப்புலியூரில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு. வாடகை 8,500. அதில் மெயின்டனன்ஸ் 1,200 அடக்கம். “நீங்க அலைய வேணாம் சார், நானே அசோசியேஷனுக்குக் கட்டிடறேன்” என்றார் ஓனர். அவர் இருந்தது வெளியூரில். மாதம் ஒன்றாம் தேதி தவறாமல் பணம் அனுப்பினேன். ஒரு குறையும் இல்லாமல்தான் போனது.

அடுத்த வருஷம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிர்வீட்டில் வருகிறது, மேல்வீட்டில் வருகிறது. காற்று அடைத்திருக்கும் என்று நினைத்து பிளம்பரைக் கூப்பிட்டேன். மொட்டை மாடிக்குப் போனவர் ஐந்தே நிமிஷத்தில் இறங்கி வந்தார். “சார், உங்க லைன் வால்வை மூடி, செயின் போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க.” அதைச் சொன்னதற்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

செகரட்டரி வீட்டுக்கு ஓடினேன். நோட்டை எடுத்துக் காட்டினார். எங்கள் வீட்டுக்கு 14 மாதப் பாக்கி, 16,800 ரூபாய். ஓனர் ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. “உங்களோட எனக்கு ஒரு தகராறும் இல்ல சார். நாங்க ஓனரைத்தான் கேக்கறோம்” என்றார். கேட்பது ஓனரை, மூடுவது என் குழாயை! வாடகைக்காரன் சங்கத்தில் உறுப்பினர் இல்லை, கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. ஆனால் தண்டனை மட்டும் அவனுக்கு.

நான்கு நாள் கேன் தண்ணீரில் ஓட்டினோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மா கீழ்வீட்டிலிருந்து குடத்தில் தூக்கி வந்தார். ஐந்தாம் நாள் பொறுக்காமல் 16,800 ரூபாயையும் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓனர் போனில் குழைந்தார்: “தப்பா நினைச்சுக்காதீங்க சார், அட்வான்ஸ்ல பாத்துக்கலாம்.” சரி என்று விட்டுவிட்டேன்.

காலி செய்யும்போது அட்வான்ஸோடு அதையும் கேட்டேன். “அது உங்களுக்கும் அசோசியேஷனுக்கும் உள்ள விஷயம்” என்றார். ரசீதை எடுத்துப் பார்த்தால், செகரட்டரி அதை ஓனர் பெயரில் எழுதியிருக்கிறார். காகிதத்தின்படி, பாக்கியைக் கட்டிய உத்தமர் ஓனர். நான் கட்டினேன் என்பதற்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போகிறேன்.

அதன் பிறகு குடிபோன வீடுகளில் மெயின்டனன்ஸை நானே சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன், வீட்டு எண்ணும் மாதமும் குறிப்பிட்டு. வாடகை தனி, அது தனி என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தேன். ஓனருக்காக ஏதாவது செலவு செய்ய நேர்ந்தால், அடுத்த மாத வாடகையிலேயே கழிப்பதாக அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக் கழித்துவிடுவேன். ‘அட்வான்ஸில் பார்த்துக்கலாம்’ என்பது பார்க்கவே போவதில்லை என்பதன் மரியாதையான வடிவம்.

இப்போது தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை வீட்டு உரிமையாளரோ அவர் சார்பில் வீட்டை நிர்வகிப்பவரோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு போடலாம். நாங்கள் அந்த இரண்டில் எதுவும் இல்லை என்று செகரட்டரி வாதாடுவார், அது வேறு கதை. எப்படியானாலும் கையில் காகிதம் இருந்தால்தான் மனுவுக்கு உயிர்.

மாடி வீடுதானே என்று மழையை மறப்பது

புதுச்சேரி ரெயின்போ நகரில் முதல் மாடியில் இருந்தபோது தண்ணீர் வீட்டுக்குள் வராது என்று தைரியமாக இருந்தேன். வீட்டுக்குள் வரவில்லைதான். மோட்டாரும் மீட்டர் பெட்டிகளும் தரைத்தளத்தில், இடுப்பு உயரத்துக்குக் கீழே இருந்தன. ஒரு பெருமழையில் இரண்டும் மூழ்கின. சம்ப்பில் சாக்கடை கலந்தது. சுற்றிலும் தண்ணீர், வீட்டில் குடிக்க, குளிக்க ஒரு சொட்டு இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரின் ஓரப் பகுதிகளுக்குள் புகுந்தது. நம் ஊரில் இதெல்லாம் நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் சங்கதி இல்லை. வீடு பார்க்கப் போனால் ஹால் எவ்வளவு பெரிது என்பதை அப்புறம் பாருங்கள். முதலில் மோட்டார் அறைச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

சப்மீட்டருக்குத் தலையாட்டுவது

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் மின்சாரம் இலவசம். இரண்டு குடித்தனத்தை ஒரே இணைப்பில், நடுவே சப்மீட்டர் வைத்து ஓட்டினால் அந்தச் சலுகை பங்காகிவிடும், இருவர் பயன்பாடும் ஒன்றாகக் கூடி மேல் விகிதத்துக்கு ஏறிவிடும். உங்கள் வீட்டுக்கென்று தனி இணைப்பு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். “யூனிட்டுக்கு இவ்வளவுன்னு கொடுத்துடுங்க” என்று பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள்.

பதினோரு மாத ஒப்பந்தம் எங்கும் ஒன்றுதான் என்று நினைப்பது

கடலூர்-புதுச்சேரி எல்லையில் முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மட்டுமா மாறுகிறது, வாடகைச் சட்டமும் மாறுகிறது. புதுச்சேரியில் 1969ஆம் ஆண்டுச் சட்டம். கடலூரில் புதிய சட்டம். அதன்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. “வேறு மாதிரி ஒப்புக்கொள்வது” எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்பது

டீசல் யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

லிஃப்டை நம்பி நான்காவது மாடி எடுப்பது

வேண்டாம்.

செகரட்டரியைப் பார்க்காமல் டோக்கன் கொடுப்பது

ஓனரைப் பார்ப்பதற்கு முன்பே செகரட்டரியையோ வாட்ச்மேனையோ பார்த்து, அந்த வீட்டுக்குப் பாக்கி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். வாட்ச்மேன்கள் இதை மறைப்பதே இல்லை. சம்பளம் அந்தப் பாக்கியில்தானே நிற்கிறது. நம் தம்பியையும் கேட்கச் சொல்லி அனுப்பினேன். நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றான்.

“ஒன்பது மாசமாம்ணா. டோக்கனைத் திருப்பிக் கேட்டா தருவாரா?”

ஐயாயிரம் கொடுத்திருக்கிறான், ரசீது வாங்கவில்லை. போன் மூலம்தான் அனுப்பியிருக்கிறான், அதுவரைக்கும் பரவாயில்லை.