2 மணிக்குள் அரை மாரத்தான்: வாட்ச் கணக்கைச் சரிசெய்த விதம்

21.0975 கி.மீ.யை 2 மணி நேரத்தில் முடிக்க கி.மீ.க்கு 5 நிமிடம் 41 விநாடி (5:41) போதும் என்றுதான் எல்லா பேஸ் (ஓட்ட வேக) அட்டவணையும் சொல்லும். வாட்ச்சில் அதை நம்பி ஓடினால் 2 மணி 1 நிமிடம் (2:01) வரும். பாதையை அளப்பவர்கள் வளைவுகளில் உள்ளோரமாக, மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். நாம் கூட்டத்தைச் சுற்றி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி ஓடுகிறோம். ஜிபிஎஸ் பிழையும் சேர, எனக்கு வாட்ச்சில் பெரும்பாலும் 21.3 கி.மீ. காட்டும். 2 மணி நேரத்தை அதால் வகுத்தால் கி.மீ.க்கு 5:38.

எனக்குப் பலித்த திட்டம் இது: முதல் 3 கி.மீ. 5:48, பிறகு கடைசிவரை 5:36. வாட்ச்சின் 21.3 கி.மீ.க்கு மொத்தம் 1:59:53. கையிருப்பு வெறும் 7 விநாடி, அதனால் வளைவுகளில் உள்ளோரம் பிடிப்பது கட்டாயம்.

வாட்ச்சில் ஆட்டோ லேப்பை (ஒவ்வொரு கி.மீ.யையும் வாட்ச் தானாகப் பிரித்துக் குறிப்பதை) அணைத்துவிட்டு, கி.மீ. பலகை வரும்போதெல்லாம் பட்டனை நானே அழுத்துகிறேன். திரையில் லேப் சராசரி (கடைசியாக அழுத்தியதிலிருந்து வரும் சராசரி வேகம்) மட்டும். அந்தந்த நொடி வேகம் மேம்பாலத்தடியில் கன்னாபின்னாவென்று குதிக்கும், அதைப் பார்த்து ஓடுவது வீண்.

எனர்ஜி ஜெல் (ஓடும்போது சாப்பிடும் சர்க்கரைக் கூழ்) 45ஆவது நிமிடத்தில், வெறும் தண்ணீரோடு. இனிப்பு பானத்தோடு சேர்த்தால் வயிறு கலங்கும்.

16 கி.மீ.க்குப் பின் கால் தசை இழுத்துப் பிடிப்பவர்களுக்கு உப்பு மட்டும் தீர்வல்ல. வாராந்திர நீண்ட ஓட்டத்தில் கடைசி 5 கி.மீ.யைப் பந்தய வேகத்தில் ஓடிப் பழக வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் 5:36 தாங்காத நாளும் உண்டு, அன்று இலக்கை 2:05க்கு மாற்றிவிடுவேன்.