எலெக்ட்ரிக் ட்ரெயின்ல புத்தகம் படிக்கிறது எப்படி (தாம்பரம் – பீச் லைன் ஆளுங்களுக்கு)

"படிக்க டைமே இல்ல சார்"னு ஏழெட்டு வருஷம் நானும் சொல்லிட்டு இருந்தவன்தான். ஜனவரி வந்தா புத்தகக் கண்காட்சிக்கு போறது, ரெண்டு பை நிறைய வாங்குறது, கை வலிக்க வலிக்க தூக்கிட்டு வந்து அலமாரில அடுக்குறது, அதோட சரி, அடுத்த ஜனவரி வந்துடும். வீட்ல உக்காந்து படிக்கலாம்னா சிலிண்டர் வந்திருக்கு, பையனுக்கு ஹோம்வொர்க், மேல் வீட்ல மோட்டர் ஆஃப் பண்ணல, தொட்டி ரொம்பி வழியுது. ஒரு நாள் சும்மா கணக்கு போட்டு பாத்தேன். தாம்பரத்துல ஏறி நுங்கம்பாக்கத்துல இறங்குறேன், போக வர ஒண்ணேகால் மணி நேரம் ரயிலுக்குள்ளதான் இருக்கேன். அந்த நேரம் பூரா போன்ல எவனோ பரோட்டா வீசுறத பாத்துட்டு இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம் மூணு வருஷமா தினமும் ரயில்ல படிக்கிறேன். அதுல கத்துக்கிட்டத எழுதுறேன், யாருக்காவது உதவும்.

இதுல மன உறுதி, வைராக்கியம்லாம் ஒண்ணும் வேணாம். வேண்டியது சீட்டுதான். சீட்டு கிடைச்சா தன்னால படிப்பீங்க, கிடைக்கலன்னா எவ்வளவு பெரிய படிப்பாளியா இருந்தாலும் கம்பிய புடிக்கத்தான் கை இருக்கும். அதனால தாம்பரத்துல கிளம்புற வண்டிய புடிங்க. செங்கல்பட்டுலேருந்து வர்றது கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர்லயே ரொம்பி வரும், அதுல ஏறி சீட்டு தேடுறது வீண். பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பி தாம்பரத்துல புறப்படுற வண்டில போய் உக்காருங்க, அது கிளம்புறதுக்கு முன்னாடியே மூணு பக்கம் ஓடிடும்.

சாயந்தரம்தான் சிக்கல். நுங்கம்பாக்கத்துல ஆறரைக்கு தாம்பரம் வண்டில ஏறி சீட்டு கிடைச்சவங்கள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. இதுக்கு பழைய ஆளுங்க ஒரு வழி வெச்சிருக்காங்க, அதாவது எதிர் பக்கம் பீச் போற வண்டில ஏறிடுறது, சேத்துப்பட்டு எழும்பூர் பார்க் கோட்டைனு பீச் வரைக்கும் போயி, அதே வண்டி திரும்புதுன்னா அப்படியே உக்காந்துடுறது. அரை மணி நேரம் கூட ஆகும்தான், ஆனா அந்த அரை மணி நேரமும் உக்காந்து படிக்கிறீங்க இல்ல? வீட்ல கேட்டா ஆபீஸ்ல லேட்டுன்னு சொல்லிக்கோங்க, அது உங்க பாடு. ஒரே ஒரு விஷயம், சீசன் டிக்கெட் பீச் வரைக்கும் எடுத்து வைங்க. நுங்கம்பாக்கம் வரைக்கும்னு எடுத்துட்டு பீச்சுல போய் உக்காந்திருந்தா டிடிஆர் வந்து கேக்கும்போது "படிக்கிறதுக்காக வந்தேன் சார்"னா எடுபடாது.

எந்த பக்கம் உக்காரணும்? இது எனக்கு புரியவே ஆறு மாசம் ஆச்சு. காலைல வண்டி வடக்கால போகுது, வெயில் கிழக்கேருந்து, அதாவது வண்டி போற திசைய பாத்து நின்னா வலது கை பக்கம் அடிக்கும். சாயந்தரம் தெக்கால போகுது, வெயில் மேக்கேருந்து, அதுவும் வலது கை பக்கம்தான். ஆக போறப்பவும் இடது, வர்றப்பவும் இடது. வெள்ளை பேப்பர்ல நேரா வெயில் பட்டா அஞ்சு நிமிஷத்துல கண்ணு கூசி புத்தகத்த மூடிடுவீங்க, அப்புறம் என்னவோ நமக்கு படிப்பே வரலன்னு நினைச்சுப்பீங்க. பழி முழுக்க சூரியன் மேல.

நின்னுட்டே படிச்சாகணும்னா கதவோரம் வேணவே வேணாம், காத்துல பக்கமும் பறக்கும், மாம்பலத்துல ரங்கநாதன் தெருவுக்கு போற கூட்டம் இறங்குறப்ப புத்தகத்தோட உங்களையும் சேத்து பிளாட்பாரத்துல தள்ளிடும். உள்ள ரெண்டு சீட் வரிசைக்கு நடுவுல போயிடுங்க, முதுக சீட்டு ஓரத்துல சாச்சுக்கோங்க, பைய முன்னாடி மாட்டிக்கிட்டா அதுவே புத்தகம் வைக்க மேஜை. கிண்டி வரைக்கும் பல்ல கடிச்சிட்டு நின்னா போதும், அங்க எஸ்டேட்டுக்கு போறவங்க, மெட்ரோ மாறுறவங்கன்னு பாதி பெட்டி காலியாகும், அப்ப உக்காரலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை ஞாபகம் இருக்கட்டும், அன்னைக்கு செடித் தொட்டிலேருந்து பழைய டேபிள் ஃபேன் வரைக்கும் பெட்டிக்குள்ள ஏறும், அன்னைக்கு கனமான புத்தகம் எடுத்துட்டு போகாதீங்க.

ஏசி வண்டி 2025 ஏப்ரல்லேருந்து ஓடுது, கதவ மூடிட்டு போறதால காத்து சத்தம் இல்ல, படிக்க நல்லாதான் இருக்கு. ஆனா சாதா வண்டில அஞ்சு ரூபாலேருந்து டிக்கெட், இதுல ஆரம்பமே 35 ரூபா. அந்த காசுக்கு மாசத்துல ரெண்டு மூணு புத்தகம் வாங்கிடுவேன்னு எனக்கு மனசு வராது.

இந்த லைன்ல 1931லயே மின்சார ரயில் வந்துடுச்சு, அப்போ மீட்டர் கேஜ். 2004ல்தான் கடைசி மீட்டர் கேஜ் வண்டி நின்னுச்சு. எங்கப்பா அந்த குட்டி பெட்டில முப்பது வருஷம் வேலைக்கு போனவரு, நியூஸ் பேப்பர நீளவாக்குல ஒரு மடிப்பு, குறுக்க ஒரு மடிப்பு போட்டு, பக்கத்துல இருக்கறவர் முழங்கை மேல படாம முழு பேப்பரையும் குரோம்பேட்டைலேருந்து பார்க் போறதுக்குள்ள முடிச்சிடுவாரு. நான் புத்தகத்துக்கு அதையே கொஞ்சம் மாத்தி வெச்சிருக்கேன். இடது கைல புடிச்சு கட்டைவிரல நடுவுல கொடுத்தா ஒரு கையாலயே பக்கம் திருப்பலாம், வலது கை கம்பிக்கு. இதுக்கு ரொம்ப பெரிய சைஸ் புத்தகம் ஒத்து வராது, கெட்டி அட்டையும் வேணாம். புதுசா வாங்குன பேப்பர்பேக்க வீட்லயே நாலஞ்சு எடத்துல மெதுவா விரிச்சு பழக்கிடுங்க, இல்லன்னா சைதாப்பேட்டை வர்றதுக்குள்ள பசை விட்டு நடுப்பக்கம் கையோட வந்துடும் (வந்திருக்கு). நவம்பர், டிசம்பர்ல பைக்குள்ள ஒரு துணிக்கடை பிளாஸ்டிக் கவர் கண்டிப்பா. பழைய டிக்கெட்டுதான் புக்மார்க், அதுக்குன்னு காசு கொடுத்து அட்டை வாங்குறதெல்லாம் எனக்கு புரியாத விஷயம்.

சத்தம் பத்தி கேப்பீங்க. சத்தம் இருக்கும். சம்சா, சுண்டல், மல்லிப்பூ, பத்து ரூபாய்க்கு மூணு பேனா, பாட்டு பாடிட்டு வர்ற கண்ணு தெரியாதவங்க, இதெல்லாம் ரெண்டு வாரத்துல பழகிடும், அது இல்லாம இருந்தாதான் கவனம் சிதறும். பழகவே பழகாதது பக்கத்து சீட்டுக்காரர் ஸ்பீக்கர்ல போடுற ஐபிஎல். ஏப்ரல், மே மாசம் சாயந்தரம் ஏழரைக்கு மேல வண்டில படிக்க முடியும்னு எதிர்பாக்காதீங்க, சென்னை மேட்ச்னா சுத்தம். அந்த ரெண்டு மாசம் காலைல மட்டும் படிக்கிறதா வெச்சுக்கோங்க, சாயந்தரம் நானே எட்டி அவர் போன்ல ஸ்கோர் பாத்துட்டு வருவேன், எதுக்கு பொய் சொல்லணும்.

இன்னொரு தொல்லை ஜனங்க கேக்குற கேள்வி. தமிழ்நாட்டுல ஒருத்தன் ரயில்ல புத்தகத்த விரிச்சா அது பரிட்சைக்குத்தான். "குரூப் ஃபோரா தம்பி?"னு வாரம் ஒருத்தர் கேப்பாரு, எனக்கு நரை வந்த அப்புறமும் கேக்குறாங்க. "இல்லைங்க, சும்மா கதை"னு சொன்னா முகத்துல ஒரு ஏமாத்தம் தெரியும் பாருங்க. முன்னாடிலாம் விளக்கம் சொல்லுவேன், இப்ப "ஆமாண்ணே, ஆல் தி பெஸ்ட் சொல்லுங்க"ன்னுடுவேன், அவர் வாழ்த்திட்டு தொந்தரவு பண்ணாம விட்டுடுவாரு, பக்கத்துல பேசுறவங்களையும் "தம்பி படிக்குது"னு அடக்கிடுவாரு. இதவிட நல்ல ரீடிங் ரூம் எங்க கிடைக்கும்?

போன எங்க வைக்கிறது? பைக்கு அடில, டிபன் பாக்ஸுக்கும் கீழ. ஆபீஸ் குரூப்புல காலைல ஏழு நாப்பதுக்கு மேனேஜர் "குட் மார்னிங் டீம், ஒன் ஸ்மால் திங்"னு ஆரம்பிப்பாரு, அந்த ஸ்மால் திங் எட்டு மணிக்கு பாத்தாலும் ஒம்போதுக்கு பாத்தாலும் அதே சைஸ்லதான் இருக்குதுன்னு நான் சோதிச்சு பாத்துட்டேன். வீட்லேருந்து அவசரம்னா கூப்புடுவாங்க, ரிங் மட்டும் வெச்சுக்கோங்க, மத்ததெல்லாம் ஆஃப்.

என்ன படிக்கிறதுங்கறத நான் சொல்ல மாட்டேன், எப்படி பிரிச்சு படிக்கிறதுன்னு சொல்றேன். காலைல சிறுகதை, கட்டுரை. தாம்பரத்துலேருந்து நுங்கம்பாக்கத்துக்கு ரெண்டு சிறுகதை கணக்கா இருக்கும், ஒண்ணு பெருசா இருந்தா ஒண்ணுதான். சாயந்தரம் மூளை வெந்து போயிருக்கும், அதுக்கு கதை ஓட்டம் இருக்கிற நாவல். எனக்கு காலைல இருபது பக்கம், சாயந்தரம் பன்னெண்டு, மாசத்துக்கு 22 வேலை நாள்னா 704 பக்கம். பெரிய படிப்பாளிங்களுக்கு இது சிரிப்பா இருக்கலாம், எனக்கு இது வருஷம் முப்பது புத்தகம்.

ஆயிரம் பக்க நாவல்னா பயப்படாதீங்க, அத டெஸ்ட் மேட்ச் மாதிரி ஆடணும். டெஸ்ட்ல ஒரு நாளைக்கு 90 ஓவர், எவனும் 90 ஓவரையும் மனசுல வெச்சுட்டு மட்டைய புடிக்க மாட்டான், லஞ்ச் வரைக்கும் நிக்கணும், அப்புறம் டீ வரைக்கும். அதே மாதிரி "இன்னைக்கு பல்லாவரத்துலேருந்து கிண்டி வரைக்கும் இந்த அத்தியாயம்", அவ்வளவுதான். முதல் அம்பது பக்கம் புது பந்து, யார் யாருக்கு மாமா, யார் யாருக்கு சித்தப்பான்னே புரியாது, விட்டு விட்டு ஆடி தப்பிச்சிடணும், கடைசி பக்கத்துல பென்சில்ல பேரெல்லாம் எழுதி வெச்சுக்கிட்டா உதவும். ஆனா கடைசி அம்பது பக்கத்துலதான் நிறைய பேர் விடுறாங்க, முடிச்சிட்ட மாதிரியே ஒரு நினைப்பு வந்துடும். 1999 ஜனவரில சேப்பாக்கத்துல பாகிஸ்தானோட ஆடுன டெஸ்ட் தெரியும்ல, 271 அடிக்கணும், முதுகு வலியோட சச்சின் 136 அடிச்சிட்டு அவுட் ஆனப்ப பாக்கி வெறும் 17 ரன், கைல மூணு விக்கெட். அந்த மூணும் நாலு ரன்னுக்குள்ள போச்சு, 12 ரன்ல தோல்வி. நான் அப்போ எட்டாவது, டிவி முன்னாடி உக்காந்து அழுதேன், ஸ்டேடியத்துல இருந்தவங்க எழுந்து நின்னு பாகிஸ்தானுக்கு கை தட்டுனாங்க. 950 பக்கத்துல ஒரு புத்தகம் மாசக்கணக்கா அப்படியே கிடந்தா எனக்கு அந்த 17 ரன்தான் ஞாபகம் வரும். ஒரு சனிக்கிழமை லீவுலயாவது அத முடிச்சுடுங்க.

சனிக்கிழமைன்னதும் ஞாபகம் வருது. எழும்பூர் ஸ்டேஷன்லேருந்து நடந்து போற தூரம்தான் கன்னிமாரா நூலகம், 1896ல திறந்தது, இந்தியால வெளியாகுற புத்தகம் ஒரு பிரதி அங்க போகணும்னு சட்டமே இருக்கு, உள்ள அந்த பழைய கட்டடத்த ஒரு தடவையாவது பாருங்க. கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்த புத்தகத்த எடுத்துட்டு போய் படிக்கவே தனி இடம் வெச்சிருக்காங்க, அங்க போனா முழுக்க போட்டித் தேர்வு பசங்கதான், நம்மள பாத்து யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா உண்மைய சொன்னா எனக்கு அந்த அமைதில தூக்கம் வந்துடுது. புத்தகம் வாங்க ஜனவரில நந்தனம் ஒய்எம்சிஏ, பத்து பர்சன்ட் தள்ளுபடி, ரயில்ல தூக்க முடியுமான்னு எடை பாத்து வாங்குங்க, நான் அப்படித்தான் வாங்குறேன், கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு.

கடைசியா, ஸ்டேஷன விட்டுடுற பிரச்சனை. கதை நல்லா போயிட்டு இருந்தா விட்டுடுவீங்க, எல்லா பெட்டிலயும் அறிவிப்பு வராது, வந்தாலும் காதுல விழாது. தலைய தூக்காம இடத்த கண்டுபிடிக்க பழகிக்கோங்க. திரிசூலம்னா தலைக்கு மேல விமானம், கிண்டி தாண்டுனதும் அடையாத்து பாலத்துல சக்கர சத்தம் மாறி தடதடன்னு வரும், மாம்பலம்னா கட்டப்பை உங்க முட்டில இடிக்கும். நுங்கம்பாக்கத்துக்கு அப்படி தனியா அடையாளம் ஒண்ணும் இல்ல, அதனாலதான் நான் அடிக்கடி விடுறேன். அத தாண்டுனதும் கூவம் வாசனை வரும், அப்ப தெரிஞ்சுக்கலாம் விட்டாச்சுன்னு. பதறாதீங்க, சேத்துப்பட்டுல இறங்கி எதிர் பிளாட்பாரத்துக்கு போயி அடுத்த தாம்பரம் வண்டி வர்ற வரைக்கும் பெஞ்சுல உக்காருங்க, அந்த அத்தியாயம் அங்கயே முடிஞ்சிடும்.